காம்பு எவ்வளவு நீளம்?

எட்வின் மார்க்கம் எழுதிய ‘மண்வெட்டியுடன் ஒரு மனிதன்’ 1899 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்றில் வந்தது. பிரெஞ்சு ஓவியர் மில்லே 1860களின் தொடக்கத்தில் வரைந்த ஓவியத்தைப் பார்த்து எழுதிய கவிதை. அமெரிக்கா முழுக்கப் பரவியது. எனக்கு அதனோடு ஒரு சண்டை உண்டு.

கவிதை அந்தக் கூனல் முதுகைக் காட்டி, இவனை இப்படி ஆக்கியது யார் என்று ஆள்பவர்களைக் கேட்கிறது. நியாயமான கோபம்தான். ஆனா முதல்ல அவனை மாட்டோடு சேர்த்து, யோசிக்கவே தெரியாதவனா ஆக்கிட்டுத்தான் கேட்குது. கையிலிருக்கும் கருவியை நின்று பார்ப்பதில்லை.

மில்லே பார்த்திருக்கிறார். கல்லும் முட்செடியுமான நிலம். அவன் காம்பின்மேல் இரு கைகளையும் ஊன்றி, வாய் திறந்து மூச்சு வாங்குகிறான். அதாவது, அந்த நொடியில் அவன் வேலை செய்யவில்லை.

அந்த நொடிக்கு என்ன விலை என்பது, மார்க்கம் வாழ்ந்த கலிஃபோர்னியாவிலேயே பிறகு தெரிந்தது. அங்கே லெட்டூஸ், பீட் வயல்களில் களை எடுக்க, பயிர் கலைக்க ‘எல் கொர்டீட்டோ’ என்ற குட்டைக் களைக்கொத்தைக் கொடுத்தார்கள். காம்பு ஒரு அடி, மிஞ்சினால் ஒன்றரை அடி. நாள் முழுக்கக் குனிந்தே இருக்கணும். நீளக் காம்பு பயிரைக் கெடுக்கும் என்றார்கள் முதலாளிகள். இன்னொரு வசதியும் இருந்தது: யாராவது நிமிர்ந்தால் மேஸ்திரிக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள். கருவி உடையவில்லை, பழுதில்லை, அப்புறம் எப்படி ஆபத்தான கருவி என்றது மாநிலத்தின் தொழில் பாதுகாப்புத் துறை. (எங்க ஆபீஸ்லயும் இதே பதில்தான்: சாஃப்ட்வேர் சரியா இருக்கு, யூசர்தான் தப்பா யூஸ் பண்றார்.) கருவியைத் தனியாக வைத்துப் பார்க்கக் கூடாது, அதைப் பயன்படுத்தவைக்கும் விதத்தையும் பார்க்கணும் என்றது மாநில உச்ச நீதிமன்றம். 1975இல் குட்டைக் காம்பு தடைசெய்யப்பட்டது.

மார்க்கத்தின் கேள்விக்கு இது முழுப் பதில் இல்லை. ஆனால் அவர் ஊமையாக எழுதியவனின் இடத்தில் நின்றவர்கள்தான், எங்கே வலிக்கிறது, எதனால் வலிக்கிறது என்று கோர்ட்டில் சொன்னார்கள்.

நம்ம ஊர் கடலைக்காட்டில் பெண்கள் பிடிக்கும் களைக்கொத்தின் காம்பும் குட்டைதான். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு டேப் எடுத்துப் போகணும்.