'விசாரணை': நம்ம மொழி காப்பாற்றுமா?

பிழைப்புத் தேடி தாராவிக்கு வரும் பிள்ளைகளுக்கு நம் பெரியவர்கள் முதலில் சொல்லும் புத்தி இதுதான்: "பாஷை தெரியாத ஊரு, போலீஸ்காரன் கண்ணுல படாம இரு." வெற்றிமாறனின் 'விசாரணை' (2016) இந்தப் பயத்திலிருந்தே தொடங்குகிறது. 1983இல் குண்டூரில் போலீஸ் காவலில் வதைபட்டு, பின்னாளில் கோவையில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார் எழுதிய 'லாக்கப்' நாவலே படத்துக்கு மூலம்.

பூங்காவில் படுத்துறங்கும் தமிழ்த் தொழிலாளர்கள், செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கப்படுகிறார்கள். தெலுங்கும் புரியாது. நீதிமன்றத்தில் தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர் ஒருவர் மொழிபெயர்க்க, விடுதலை கிடைக்கிறது. 'அப்பாடா, நம்ம ஆளு வந்துட்டாரு' என்று நமக்கும் மூச்சு வருகிறது.

இயக்குநர் நம்மை உலுக்குவது அதன் பிறகுதான். பின்பாதியில், தமிழ்நாட்டு மண்ணிலேயே, தமிழ் பேசும் போலீசாரின் துப்பாக்கிக்கே அவர்கள் பலியாகிறார்கள். அந்தச் சதிக்கதை சற்று நெரிசல்தான். ஆனால் அது சொல்லும் உண்மை பெரிது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் வதைபட்டது சொந்த ஊரில், சொந்த மொழியில்தானே?

ஆகவே மொழியை மட்டும் நம்பிப் பயனில்லை. சட்டமும் தெரிய வேண்டும். டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிப்படி, கைதானவரின் உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்லியாக வேண்டும். இந்த ஊருக்குத் தனியாக வரும் பையனுக்கு அந்த நண்பர் யார்? நம் சங்கங்கள் அல்லவா முன்வர வேண்டும்!