தெல்மா அண்ட் லூயிஸ்: நடிகர்களும் படக்குழுவும்

தெல்மா அண்ட் லூயிஸ், ரிட்லி ஸ்காட் இயக்கத்தில் 1991 ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்கக் குற்ற நாடகத் திரைப்படமாகும். வார இறுதியைக் கழிக்கக் காரில் கிளம்பும் இரு தோழியர், ஒரு கொலைக்குப் பின் மெக்சிகோ நோக்கித் தப்பியோடுவதே கதை.

படத்தின் முதல் பலம் கேலி கூரியின் திரைக்கதை. இசைக் காணொளித் தயாரிப்பில் இருந்த அவர் எழுதிய முதல் திரைக்கதை இது. டெக்சஸில் லூயிசுக்கு என்ன நேர்ந்தது என்பதை அவர் விளக்குவதே இல்லை. ஆனால், மெக்சிகோ செல்ல அந்த மாநிலத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடிக்கும்போது பார்வையாளருக்குப் புரிந்துவிடுகிறது. இங்கே வரைபடமே கதை சொல்கிறது.

லூயிசாக வரும் சூசன் சரண்டன் பேச்சைக் குறைத்து முகத்தால் நடிக்கிறார். தெல்மாவாக வரும் ஜீனா டேவிசுக்கு வேடம் பெரிது: அடங்கிய மனைவி துப்பாக்கி முனையில் கடையைக் கொள்ளையடிப்பவளாக மாறுவதை நம்பவைக்கிறார். பிராட் பிட் சில காட்சிகளிலேயே வந்தாலும் அவரைப் பரவலாக அறியச் செய்தது இப்படமே. ஹார்வி கைட்டலின் துப்பறிவாளர் தவிர மற்ற ஆண்களில் சிலர், குறிப்பாக லாரி ஓட்டுநர், கேலிச்சித்திர அளவிலேயே நிற்பது குறை.

ஏட்ரியன் பிடில் ஒளிப்பதிவில் பாலைநிலம் விரிய விரிய, தப்பிக்கும் வழி சுருங்குகிறது. ஹான்ஸ் சிம்மர் இசையமைத்தார். கதையில் கிராண்ட் கேன்யன் எனப்படும் இறுதிக் காட்சி எடுக்கப்பட்ட இடம் யூட்டா. இரு நடிகையரும் சிறந்த நடிகைக்கு உட்பட, படம் 6 ஆஸ்கார் பரிந்துரைகளைப் பெற்றது. விருது கிடைத்தது கூரிக்கு மட்டுமே.