ப்ரிமோ லெவியின் காபன் அணு: ஒரு மறுவாசிப்பு

ப்ரிமோ லெவியின் 'ஆவர்த்தன அட்டவணை' பற்றி எங்கள் வாசகர் வட்டத்தில் பேசியபோது மற்ற அத்தியாயங்களெல்லாம் அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டன. மிச்ச நேரம் முழுவதும் கடைசி அத்தியாயமான 'காபன்'தான். "இது எங்கட கதை" என்றார் ஒரு நண்பர். ஒருவரும் மறுக்கவில்லை. கல்லுக்குள் அமைதியாகக் கிடந்த ஓர் அணு ஒருநாள் பெயர்த்தெடுக்கப்படுகிறது, காற்றில் எறியப்படுகிறது, மலையும் கடலும் தாண்டி அந்நிய உடம்புகளில் ஒதுங்கி வாழ்கிறது. ஊரை விட்டு வந்தவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? நானும் அன்று தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன். பிறகு அத்தியாயத்தை இன்னும் இரண்டு தடவை வாசித்தேன். அந்த வாசிப்பு சரியில்லை என்று இப்போது படுகிறது. கதைக்குள் இருக்கும் இன்னொரு பெரிய விஷயத்தை அது மறைத்துவிடுகிறது.

நூலை வாசிக்காதவர்களுக்காகக் கொஞ்சம். லெவி 1919இல் இத்தாலியின் டியூறின் நகரில் பிறந்த யூதர், தொழிலால் இரசாயனவியலாளர். 1944இல் அவுஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டு உயிர் தப்பியவர். பிறகு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் டியூறினுக்குப் பக்கத்தில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் வேலை செய்தார். 1975இல் வந்த இந்த நூலில் 21 அத்தியாயங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மூலகத்தின் பெயர். நாங்கள் வாசித்தது 1984இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு. பெரும்பாலான அத்தியாயங்கள் அவருடைய வாழ்க்கையிலிருந்து எடுத்தவை. 'காபன்' வேறு மாதிரி. அதன் நாயகன் ஓர் அணு.

அணு முதலில் சுண்ணாம்புக்கல்லில் கிடக்கிறது, கோடிக்கணக்கான ஆண்டுகளாக. 1840இல் ஒரு பிக்கான் அதைப் பெயர்க்கிறது. சுண்ணாம்புச் சூளையில் வெந்து, காபனீரொட்சைட்டாகிப் புகைபோக்கி வழியே வெளியேறுகிறது. ஒரு வல்லூறின் நுரையீரலுக்குள் போய்விட்டு வருகிறது. மூன்று தடவை கடலில் கரைந்து மீள்கிறது. எட்டு ஆண்டு அலைந்தபின் ஒரு திராட்சை இலை அதைப் பிடிக்கிறது. அங்கிருந்து குளுக்கோசாக வைனுக்கு, வைனிலிருந்து குடித்தவனின் ஈரலுக்கு. அவன் கட்டறுத்து ஓடிய குதிரையைத் துரத்தும்போது அது எரிந்து மீண்டும் மூச்சாகிறது. பிறகு லெபனானில் ஒரு தேவதாரு, மரத்தை அரிக்கும் புழு, அந்துப்பூச்சியின் கண், காட்டு மண். 1960இல் ஒரு குவளைப் பாலோடு லெவியின் உடம்புக்குள் நுழைந்து, மூளைக்குப் போய், அவர் கை காகிதத்தில் ஒரு புள்ளி வைக்கத் துணைபோவதோடு கதை முடிகிறது.

இனி நண்பரின் வாசிப்புக்கு வருகிறேன். புலம்பெயர்வு என்றால் நினைவு வேண்டும். இந்த அணுவுக்கு நினைவு கிடையாது. ஒரு காபன் அணுவுக்கும் அதே வகை இன்னொரு காபன் அணுவுக்கும் வித்தியாசம் சொல்ல யாராலும் முடியாது. திராட்சை இலையில் இருந்ததும் தேவதாருவில் இருந்ததும் ஒன்றுதான் என்பதற்குக் கதைசொல்லியின் வாக்கைத் தவிர வேறு சாட்சி இல்லை. லெவி இதை மறைக்கவும் இல்லை. இப்படி எண்ணிலடங்காத கதைகளைத் தன்னால் சொல்ல முடியும், அத்தனையும் உண்மையாகவே இருக்கும் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அணுக்கள் அவ்வளவு ஏராளம். எந்தப் பாதையைக் கற்பனை செய்தாலும் அதில் ஏதோ ஓர் அணு போயே இருக்கும். எங்கள் கதைகள் அப்படியல்ல. ஒருவரின் பயணத்தை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு இதுவும் உண்மைதான் என்று சொல்ல முடியாது. தப்பி வந்த ஒரு மனிதர் இந்தக் கதைக்கு அணுவை நாயகனாக்கியதே, ஒருவேளை, நினைவில்லாத ஒன்றோடு கொஞ்ச நேரம் இருப்பதற்காக இருக்கலாம். தன் உயிருக்கு விலையே இல்லாதிருந்த காலத்தில் மனதில் ஊறிய கதை இது என்கிற பொருளில் அவரே எழுதுகிறார்.

நினைவில்லாத அணுவை ஆய்வுகூடத்திலும் பின்தொடர முடிந்தது, வேறு விதமாக. கலிபோர்னியாவின் பேர்க்லியில் மெல்வின் கல்வின் குழுவினர் கதிரியக்கக் காபனைப் பாசிகளுக்கு ஊட்டினார்கள். சில வினாடிகளில் அவற்றைச் சூடான அல்ககோலில் போட்டுக் கொன்று, காபன் எந்தெந்தச் சேர்வைகளுக்குள் போயிருக்கிறது என்று பார்த்தார்கள். ஒளித்தொகுப்பின் பாதை அப்படித்தான் தெரியவந்தது. (தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு ஒளிச்சேர்க்கை.) 1961இல் கல்வினுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் பார்த்தது கூட்டத்தை. ஓர் அணுவைத் தனியே பார்ப்பது கதைக்கு மட்டுமே வாய்க்கிறது. அந்தச் சலுகையை லெவி திராட்சை இலையில்தான் மிக நன்றாகப் பயன்படுத்துகிறார். காற்றிலிருந்து உயிருக்குள் நுழைய இருக்கிற அந்த ஒரே ஒடுங்கிய வாசலில் கதையின் வேகத்தைக் குறைத்து, தன் தொழிலால் இன்னும் எட்ட முடியாத ஒன்றை ஓர் இலை சத்தமில்லாமல் செய்வதைப் பார்த்து நிற்கிறார். அத்தியாயத்தின் சிறந்த பகுதி அதுதான். கணக்கிலும் அவர் கவனமானவர். ஒரு காபனீரொட்சைட்டு மூலக்கூறு காற்றில் இருக்கும் சராசரிக் காலம் நான்கைந்து ஆண்டுகள். எட்டு ஆண்டு அலைந்தது என்பது கதைக்காகக் கூட்டிச் சொன்னதல்ல.

என் கேள்வி வேறோர் இடத்தில் தொடங்குகிறது. பூமியில் காபன் இரண்டு வேகங்களில் சுற்றுகிறது. காற்று, இலை, உடம்பு, மண், மீண்டும் காற்று என்பது விரைவான சுற்று. மெதுவான சுற்றுக்கு மழை வேண்டும். மழைநீர் காற்றிலுள்ள வாயுவை வாங்கி மெல்லிய அமிலமாகிப் பாறையைக் கரைக்கிறது. கரைந்தது ஆற்றோடு கடலுக்குப் போகிறது. அங்கே நுண்ணுயிர்களும் சிப்பிகளும் முருகைகளும் அதை ஓடாக்கிக்கொள்கின்றன. ஓடு அடியில் படிந்து கல்லாகிறது. கல் பூமித்தட்டோடு கீழே இறங்கி வெந்து, எரிமலை வழியாக வாயுவாகத் திரும்புகிறது. ஒரு சுற்று முடியப் பத்து முதல் இருபது கோடி ஆண்டுகள். பூமியின் காபனில் மிகப் பெரும் பகுதி இந்தப் பாறைகளில்தான் இருக்கிறது. லெவியின் அத்தியாயமோ கல்லுக்குள் கழிந்த காலத்தைச் சில வரிகளில் முடித்துவிட்டு, 1840க்கும் 1960க்கும் இடைப்பட்ட 120 ஆண்டுகளுக்கே மிச்சமெல்லாவற்றையும் கொடுக்கிறது. கதை என்கிற வடிவம் அப்படித்தான் செய்யும். மூன்று தடவை கடலில் கரைந்த அணு ஒரு தடவை வட அத்திலாந்திக்கின் குளிர்ந்த நீரோடு ஆழத்துக்கு இறங்கியிருந்தால், மேலே வரச் சில நூறு ஆண்டுகள் ஆகியிருக்கும். அதோடு கதை நின்றிருக்கும். ஆகவே அது இறங்காது. திரும்பி வருகிற அணுவைத்தான் கதை தேர்ந்தெடுக்கும்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ஓரிடத்தில் லெவி தன் கதையோடு தானே முரண்படுகிறார். காபன் அணு ஒன்று சராசரியாக இருநூறு ஆண்டுக்கு ஒருமுறை உயிர்ச்சுற்றுக்குள் புகுந்து வெளிவரும் என்று சொல்லும் அவர், நிலைத்துப்போன பொருட்களில் உறைந்துவிட்ட காபனுக்கு அதிலிருந்து விலக்குக் கொடுக்கிறார். அவர் தரும் உதாரணங்களில் சுண்ணாம்புக்கல்லும் நிலக்கரியும் இருக்கின்றன. அவருடைய அணு எங்கிருந்து வந்தது? சுண்ணாம்புக்கல்லிலிருந்து. யார் எடுத்தார்கள்? ஒரு மனிதக் கை. தானாக நடந்திருந்தால் எத்தனையோ கோடி ஆண்டு எடுத்திருக்கும் வேலையை ஒரு பிக்கானும் ஒரு சூளையும் சில நாட்களில் முடித்துவிட்டன. கதையின் முதல் அசைவே அதன் பட்டியலைப் பொய்யாக்குகிறது. நூறு கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ வாயுவாகப் போய்விடும். அது ஒரு சூளைக் கணக்கு. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதால் மட்டும் இப்போது ஆண்டுதோறும் ஏறத்தாழ ஆயிரம் கோடி தொன் காபன் மேலே போகிறது. உலகத்து எரிமலைகளெல்லாம் சேர்ந்தும் அதில் நூறில் ஒரு பங்குகூட வெளிவிடுவதில்லை. அவ்வளவில் பாதிக்குச் சற்றுக் குறைவானது காற்றிலேயே தங்கிவிடுகிறது. மீதியைக் கடலும் நிலமும் வாங்கிக்கொள்கின்றன.

லெவிக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை. ஹவாயின் மௌனா லோவா மலையில் சார்ள்ஸ் கீலிங் காற்றை அளக்கத் தொடங்கியது 1958இல்தான். அப்போது பத்து லட்சத்தில் 315 பங்கு. லெவியின் பால் குவளை அதற்கு இரண்டு ஆண்டு பிந்தியது. நூல் வெளிவந்த 1975இல் 331. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு எவ்வளவு சொற்பம் என்று காட்ட, ஆகனைவிட முப்பது மடங்கு குறைவு என்று லெவி எழுதுகிறார். ஆகன் நூலின் முதல் அத்தியாயம், அவருடைய மூதாதையரின் அத்தியாயம். கடைசி அத்தியாயத்திலிருந்து முதலாவதுக்குப் போடப்பட்ட அழகான முடிச்சு அது. எழுதியபோது கணக்கும் சரி. ஆகனின் அளவு மாறவில்லை, காற்றில் நூறுக்கு 0.93 பங்குதான். இன்று வகுத்துப் பார்த்தால் 22 மடங்கு வருகிறது. எழுத்தாளர் பிழை விடாமலே ஒரு வாக்கியம் பிழையாகியிருக்கிறது. இலக்கியத்தில் இப்படி நடந்த வேறு உதாரணம் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

இன்னொன்று. சூளையில் அணுவைப் பிரிந்த கல்சியத்தை, அதன் விதி அவ்வளவு சுவையானதல்ல என்பதுபோல் லெவி ஒரே வரியில் கைகழுவி விடுகிறார். யாழ்ப்பாணத்தாரால் அதை அவ்வளவு லேசாக விட முடியாது. குடாநாடு முழுவதுமே சுண்ணாம்புக்கல். மயோசீன் காலத்துக் கடலடி. மழைநீர் அதைக் கரைத்துக் குடைந்த வழியில்தான் எங்கள் கிணறுகளுக்குத் தண்ணீர் வந்தது. நிலாவரைக் கிணறும் அப்படி உண்டானதே. லெவி சொல்லாமல் விட்ட மெதுவான சுற்றின் நடுவில் வாளி விட்டுத் தண்ணீர் அள்ளியவர்கள் நாங்கள். அதே கல்லைச் சூளையிலும் சுட்டோம், பிறகு காங்கேசன்துறையில் சீமெந்தாகவும் ஆக்கினோம். சூளையில் மிஞ்சிய சுண்ணாம்புக்கும் ஒரு கதை உண்டு. தண்ணீர் விட்டு நீற்றிச் சாந்தாகச் சுவரில் பூசினால், அது காற்றிலிருந்து காபனீரொட்சைட்டை மெல்ல மெல்ல இழுத்து மறுபடி கல்லாகிறது. சுட்டபோது போனதெல்லாம் திரும்புவதில்லை; சூளைக்கு எரித்த விறகின் கணக்கு வேறு. ஆனாலும் வெள்ளையடித்த ஒரு பழைய சுவருக்குள் எங்கிருந்தோ வந்த காபன் அணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன, அசையாமல். லெவி எழுதாமல் விட்ட கதைகளில் நான் வாசிக்க விரும்புவது அதைத்தான். பயணமே இல்லாத கதை.

இந்த அத்தியாயத்தை இளையவர்களுக்காகத் தமிழில் கொண்டுவரலாமா என்று வட்டத்தில் இப்போது பேச்சு. காபனா, கார்பனா, கரிமமா என்பதில் ஏற்கெனவே இரண்டு கூட்டம் போய்விட்டது. நான் படித்த புத்தகத்தில் காபன் என்றுதான் இருந்தது, அதனால் அந்தப் பக்கம் கை தூக்கினேன். வேறு காரணம் எதுவும் இல்லை. என் கவலை அந்த 'முப்பது மடங்கு' பற்றியது. திருத்தக் கூடாது என்பதே என் கட்சி. வாசகத்தில் முப்பது என்றே இருக்கட்டும். அடிக்குறிப்பில் 22 என்று போடலாம், ஆண்டையும் சேர்த்து. அடுத்த பதிப்பில் அடிக்குறிப்பை மாற்ற வேண்டிவரும்.