இமைப்பும் வெட்டும்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்க் குறுங்காணொளிகளின் படத்தொகுப்பு

ஒரு காட்சித்துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தைப் படத்தொகுப்பாளர் வெட்டு என்பர். கைப்பேசித் திரைக்காக உருவாகும் குறுங்காணொளிகளில் வெட்டு நொடிக்கொன்றாக, சில வேளைகளில் நொடிக்கு இரண்டாக விழுகின்றது. தீபாவளியை ஒட்டிய வாரங்களில் பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் எடுக்கப்படும் காணொளிகளைக் காண்போர் இதனை எளிதில் உணர்வர். பூச்சரம், முறுக்குத் தட்டு, சேலைக்கடை, ஒரு சிரிப்பு, மீண்டும் பூச்சரம். உறுமியின் ஒவ்வோர் அடிக்கும் ஒரு படம். இவற்றை இழிவாக நோக்கும் போக்கு கல்வியாளரிடையே உண்டு. அது நமக்கு உடன்பாடன்று. தெருவின் நெரிசலை இவ்வளவு சுருக்கமாகக் காட்டும் வடிவம் வேறில்லை. இக்கட்டுரை வினவுவது வேறொன்று: விரைந்து தொகுப்பதற்கு இன்று கையாளப்படும் வழிகள் தமிழ்ப் பேச்சை என்ன செய்கின்றன?

விரைவு இவ்வூடகத்தோடு பிறந்ததன்று. 1930 முதல் 1960 வரையிலான ஹாலிவுட் படங்களில் ஒரு துண்டின் சராசரி நீளம் பெரும்பாலும் 8 முதல் 11 நொடி வரை இருந்ததென்றும், பின்னர் அது படிப்படியாகக் குறைந்து நூற்றாண்டின் இறுதியில் 3 முதல் 6 நொடியை எட்டியதென்றும் டேவிட் போர்டுவெல் கணக்கிட்டுக் காட்டினார். அங்கே வெட்டும் இடத்தைத் தேர்ந்தவர் மனிதர். இன்றோ அச்சுவார்ப்புகளும் தானியங்கி வசதிகளும் தேர்கின்றன என்பதே வேறுபாடு.

வால்டர் மர்ச் என்னும் அமெரிக்கப் படத்தொகுப்பாளர் 1995இல் வெளியிட்ட நூலின் பெயரே கண்ணிமைப்பைப் பற்றியது. ஓர் எண்ணம் முடியுமிடத்தில் மனிதர் இமைக்கின்றனர். வெட்டும் அவ்விடத்தில் விழுதல் வேண்டும் என்பது அவர் கருத்து. நல்ல வெட்டுக்கு அவர் வகுத்த ஆறு அளவைகளுள் உணர்ச்சிக்கு 51 விழுக்காடும் கதைக்கு 23 விழுக்காடும் தாளத்துக்கு 10 விழுக்காடும் தருகின்றார். தமிழ் மாணவர்க்கு இங்கு வேறொரு நினைவு எழுதல் இயல்பு. எழுத்தொலியின் கால அளவான மாத்திரையை இமைப்பாலும் கைந்நொடியாலும் அளந்தவர் தொல்காப்பியர். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்யெழுத்துக்கும் குற்றியலுகரத்துக்கும் அரை. இரு நூல்களுக்கும் உறவு கற்பிப்பது நம் நோக்கமன்று. ஆயினும் அந்த அரை மாத்திரையே இன்றைய சிக்கலின் மையம் என்பது கருதத்தக்கது.

பேச்சிடை அமைதியைத் தானே நீக்கும் வசதி இப்போது தொகுப்புச் செயலிகள் பலவற்றில் உண்டு. ஒலியின் அளவு குறித்த எல்லைக்குக் கீழே இறங்கினால் அவ்விடத்தை அமைதியெனக் கொண்டு நீக்கிவிடும் முறை பரவலானது. அதற்குச் செவி உண்டு, மொழி இல்லை. 'போச்சு', 'இருந்துச்சு', 'கேட்டு' எனத் தமிழ்ப் பேச்சில் தொடரை முடிப்பனவும் இணைப்பனவும் பல குற்றியலுகரத்தில் இறுபவை. வல்லின மெய்க்குப் பின் குரல் தணிகின்றது. தணிந்த அந்த உகரம் அமைதியோடு சேர்ந்து போகின்றது. நம் நாட்டுப் பேச்சில் இறுதியில் இழையும் 'லா'வும் சில வேளை இவ்வாறே மறைகின்றது. விளைவாகப் பேசுவோர் அனைவரும் எதற்கோ வெருண்டவர்போல் ஒலிக்கின்றனர்.

ஒரு சான்று. எம் மாணவி ஒருவர் பாடப்பணிக்காக ஓய்வுபெற்ற இரயில்வே ஊழியர் ஒருவரைப் பதிவு செய்தார். பிரிக்பீல்ட்ஸின் நூறு குடியிருப்புகளில் வளர்ந்தவர், அவை இடிக்கப்பட்டுவிட்டன. நாற்பது நிமிடப் பதிவைச் செயலி கொண்டு 58 நொடிக் காணொளியாக்கியிருந்தார். மூலப்பதிவில் அம்முதியவர், "வீடெல்லாம்" என்று தொடங்கி நான்கு நொடி நிறுத்தி, "போச்சுலா" என்று முடிக்கின்றார். தொகுப்பில் அது "வீடெல்லாம்போச்" என்று ஒலித்தது. செய்தி சிதையவில்லை, வீடு போனது தெரிகின்றது. போனதை அவர் எவ்வாறு சுமக்கின்றார் என்பதே தெரியாமற் போயிற்று. அயல்நாட்டில் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஒலிநாடாக்களைப் படியெடுத்த காலத்தில், கெயில் ஜெஃபர்சன் முறைப்படி இடைநிறுத்தங்களை நொடியின் பத்தில் ஒரு பங்குவரை அளந்து குறித்தது இக்கட்டுரையாளரின் நினைவுக்கு வந்தது. அன்று அது வீண்வேலையாகத் தோன்றியதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தீபக் குமாரன் மேனனின் 'சலங்கை' (2007) இதே பிரிக்பீல்ட்ஸை அவசரமற்ற நடையில் காட்டியது. அந்நடையைக் குறுங்காணொளியாளர் பின்பற்ற வேண்டுமென்பது பொருந்தாத அறிவுரை. ஒரு நிமிடத்துக்குரிய சிக்கனம் வேறு. ஆனால் சிக்கனம் என்பது எல்லாவற்றிலும் சமமாகக் குறைப்பதன்று.

திறம்படத் தொகுத்தல் கணினிக்கு முன்பே தொடங்குகின்றது. பேச்சை முதலில் தாளில் படியெடுத்து, வேண்டிய தொடர்களைக் கோடிட்டு, அவ்வரிசைப்படி ஒலியை மட்டும் அமைத்தல் வேண்டும். ஒலி நின்ற பின்னரே படம். இது காலத்தை வீணாக்கும் எனப் பலர் அஞ்சுகின்றனர்; நம் அனுபவம் நேர்மாறானது. நாற்பது நிமிடத்தைத் திரையில் முன்னும் பின்னும் இழுத்துத் தேடுவதைவிட நான்கு பக்கத்தில் கண்ணோட்டுவது விரைவு. தமிழ்த் தொடரில் வினைமுற்று இறுதியில் நிற்பதால், போய், பார்த்து, கேட்டு என வினையெச்சங்கள் அடுக்கி வரும். அவ்வெச்சங்கள்தோறும் படத்தை மாற்றலாம், ஒலியை அறுக்கலாகாது. வினைமுற்றில் பேசுவோரின் முகத்துக்குத் திரும்பினால் போதும். தானியங்கி வசதியைக் கைவிட இயலாதவர், வெட்டுக்குப் பின் விடப்படும் இடைவெளியை ஆறு முதல் எட்டுச் சட்டங்கள் வரை கூட்டி வைத்தால் உகரம் பெரும்பாலும் பிழைக்கும்.

சொல்லுக்கொரு முறை துள்ளும் எழுத்துப்பட்டைகளும் ஆங்கிலத்துக்கென அமைந்தவையே. 'போய்க்கொண்டிருந்தார்களாம்' என்பது நமக்கு ஒரு சொல்; குறுகிய நெடுந்திரையில் அது இரண்டாக உடைகின்றது. வேற்றுமை உருபு அடுத்த வரியில் அநாதையாக நிற்பதும் உண்டு. கையால் வரி பிரிப்பதன்றி இதற்கு வழியில்லை.

மாணவி அக்காணொளியை மீண்டும் தொகுத்தார். ஒற்றைத் தண்டூர்தியின் மூன்று காட்சிகளையும் தோரண வாயிலையும் நீக்கினார். நான்கு நொடியைத் திரும்ப வைத்தார். நீளம் 61 நொடி. அந்நான்கு நொடியில் முதியவரின் முகம் மட்டுமே உள்ளது; அவர் ஒருமுறை இமைக்கின்றார்.