புள்ளிக்கு ஓர் இடம்

தென்னூரிலிருந்து திருவரங்கம் நெடுந்தொலைவன்று. அங்குள்ள கோயிற் கல்வெட்டுகளை உற்று நோக்குவோர்க்கு ஒன்று புலப்படும். அவற்றில் பெரும்பாலும் எழுத்துகளுக்குப் புள்ளியில்லை. எகர ஏகார வேறுபாடும் இல்லை. செறு என்றால் வயல். சேறு என்றால் சகதி. கல்லிலோ இரண்டும் ஒரே வடிவம்.

குறிலாகிய எகர ஒகரங்களுக்குப் புள்ளியிட வேண்டும் என்பது தொல்காப்பிய விதி. எழுதினோர் பலர் அதைப் பேணவில்லை. இக்குழப்பத்தைத் தீர்த்த பெருமையை மரபு வீரமாமுனிவருக்கு (1680–1747) அளிக்கிறது. குறிலின் புள்ளியை நீக்கி, நெடிலின் வடிவத்தை வேறுபடுத்தினார் அவர். ஏகாரத்தின் காலும் ஓகாரத்தின் சுழியும் இரட்டைச் சுழிக் கொம்பும் இன்று நம் குழந்தைகளின் கையெழுத்தில் வாழ்கின்றன.

அவ்வாறாயின் வழக்கொழிந்த அந்தப் புள்ளிக்குக் கணினியில் இடம் வேண்டுமா? உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கும் யூனிகோடு தரம் இவ்வினாவை ஒரே வகையாக அணுகவில்லை. முந்திரி (1/320), காணி (1/80), மா (1/20) முதலிய பழைய பின்னங்களும் அளவைக் குறிகளும், 2012-இல் முன்வைக்கப்பட்டு, 2019-இல் 51 குறிகளாக ஏற்கப்பட்டன. பழந்தமிழ்ப் பிராமியின் குறில் எகர ஒகரங்கள் 2021-இல் தனியிடம் பெற்றன. ஓலைத் தமிழின் புள்ளியிட்ட எகரத்திற்கோ தமிழ்ப் பகுதியில் தனியிடம் இல்லை.

எல்லாப் பழமையையும் சேர்க்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. 1978 எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் நம் பழைய செபப் புத்தகங்களில் அச்சான ணை, லை, னை ஆகியவற்றின் வளைந்த வடிவங்களுக்குத் தனி எண் தராதது முறையே. வடிவம் மாறினும் அங்கே ஒலியும் பொருளும் மாறவில்லை. எழுத்துருவே அப்பழைய தோற்றத்தைத் தந்துவிடும். புள்ளியின் நிலை வேறு. அது இருந்தால் ஒரு சொல், இல்லையேல் மறுசொல்.

மெய்க்குரிய புள்ளியையே எகரத்தின்மேல் இட்டுக்கொள்ளலாமே எனலாம். ஆனால் ஒவ்வொரு பதிப்பாளரும் தத்தம் வழியில் எழுதினால் ஒருவர் எழுதியதை மற்றவர் தேடிக் கண்டடைய இயலாது. பொதுத்தரம் ஒன்று ஏற்பட்டதே அதைத் தவிர்க்கத்தான்.

இதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. ஓலையில் உள்ளதை இன்றைய எகரமாகவோ ஏகாரமாகவோ தட்டச்சிடும்போது, பதிப்பாளரின் முடிவு ஓலையின் சாட்சியமாகிவிடுகிறது. ஏடெழுதியவர் புள்ளியிட்டாரா, விட்டாரா என்பது மறைந்துபோகிறது. வாசகர் ஐயுறவும் வழியில்லை.

வீரமாமுனிவர் புள்ளியை நீக்கியது, வாசிப்பவர் பொருள் தவறாது அறிய வேண்டும் என்பதற்காகவே. அதே நோக்கம் இன்று அப்புள்ளிக்கு ஓர் இடம் கேட்கிறது. நாம் எழுதுவதற்கன்று, முன்னோர் எழுதியதை எழுதியவாறே படிப்பதற்கு.