பழைய லேண்ட் ரோவரின் சேஸிஸ்

1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட் ரோவரின் பாடி பெரும்பாலும் அலுமினியக் கலவை. காரணம், போருக்குப் பின் பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு. ஆனால் சேஸிஸ் எஃகுதான். வீட்டுக் கொட்டகையில் வண்டியைப் புதுப்பிப்பவருக்கு வேலை வைப்பதும் அதுவே. பெட்டி போன்ற அதன் சட்டங்களுக்குள் சேறும் ஈரமும் தங்கி, துரு உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும். சுத்தியலால் தட்டினால் குட்டு வெளிப்படும்: நல்ல இரும்பு கணீரென்னும், செத்த இரும்பு சொத்தென்று அமுங்கும். அதை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். பட்டி பூசி மறைப்பது ஏமாற்று வேலை. பாடி போல்ட்டில் நிற்பதால் பகுதி பகுதியாகக் கழற்றலாம். என்ன அருமையான வசதி! அலுமினியமும் எஃகும் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். திரும்பப் பூட்டும்போது நடுவே தடுப்புப் பூச்சு அவசியம். சேஸிஸ் தேறாத வண்டிக்கு எஞ்சின் வேலை பார்ப்பது வீண் செலவு.