துணைமாந்தரும் கதையோட்டமும்: ‘பொன்னியின் செல்வன்’ முடிவு குறித்த வாசகர் குறை – ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வெளிவந்தது. தொடர் நிறைவுற்றபோது, கதை திடுமென முடிக்கப்பட்டது என்றும், கதைமாந்தர் பலரின் பிற்கால நிலை தெரியவில்லை என்றும் வாசகர்கள் குறைபட்டனர். வரலாற்றுக் கதைக்கு முழுமையான முடிவு இயலாது என்பது கல்கி தந்த விளக்கம். அவ்விளக்கம் தலைமை மாந்தருக்குப் பொருந்துகிறதேயன்றிக் கற்பனைத் துணைமாந்தருக்குப் பொருந்தவில்லை என்பதையும், நாவலின் உச்சம் அத்துணைமாந்தரையே தாங்குதூணாகக் கொண்டுள்ளது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: தொடர்கதை, துணைமாந்தர், கதையோட்டம், கல்கி, தெருக்கூத்து

முன்னுரை

நெடுந்தொடர்களைப் படிப்போர் இரண்டு குறைகளை வழக்கமாகக் கூறுவர். துணைமாந்தர் பெருகுவதால் கதை நகர மறுக்கிறது என்பது ஒன்று. முடிவு நெருங்கும்போது அதே கதை தலைதெறிக்க ஓடுகிறது என்பது மற்றொன்று. ஜப்பானிய வார இதழொன்றில் 1997 முதல் வெளிவரும் ‘ஒன் பீஸ்’ என்னும் மிகுகற்பனைச் சித்திரத் தொடரின் வாசகர்களிடையே இவ்விரு குறைகளும் இன்றும் விவாதிக்கப்படுகின்றன. தமிழில் இவ்விவாதத்திற்கு எழுபதாண்டுக்கும் மேற்பட்ட முன்வரலாறு உண்டு. நூலாசிரியரே வாசகருக்கு விடையளித்த நிகழ்வு என்பதால் ‘பொன்னியின் செல்வன்’ இதில் தனித்த கவனம் பெறத்தக்கது.

தொடரின் அளவும் நடையும்

‘புது வெள்ளம்’ 57, ‘சுழற்காற்று’ 53, ‘கொலை வாள்’ 46, ‘மணிமகுடம்’ 46, ‘தியாகச் சிகரம்’ 91 என ஐந்து பாகங்களில் 293 அத்தியாயங்கள் கொண்டது இந்நாவல். மூன்றரை ஆண்டுகள் வெளிவந்த இத்தொடரின் கதைக்காலம் ஓராண்டுக்குள் அடங்கிவிடுகிறது. ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்கும் கதையில், தலைப்புக்குரிய அருள்மொழிவர்மன் நிகழ்காலக் கதைக்குள் நேரில் வருவது இரண்டாம் பாகத்தில்தான். அதுவரை வந்தியத்தேவன், ஆழ்வார்க்கடியான், நந்தினி, பூங்குழலி ஆகியோரே கதையை நடத்துகின்றனர். மணியத்தின் ஓவியங்கள் அவர்களுக்கு நிலையான முகங்களைத் தந்தன.

அத்தியாய எண்ணிக்கையில் இறுதிப் பாகமே மிகப் பெரியது. மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. எனவே முடிவு விரைந்துவிட்டது என்னும் குறையை இடப்பற்றாக்குறையால் விளக்க முடியாது. வாசகர் உணர்ந்த விரைவு பக்க அளவைச் சார்ந்ததன்று. வாரந்தோறும் பழகிய மாந்தர்கள் விடைபெறாமலே பிரிந்ததைச் சார்ந்தது.

கல்கியின் விளக்கமும் அதன் எல்லையும்

நூலின் முடிவுரையில் கல்கி இக்குறையை மறைக்காமல் எடுத்துரைக்கிறார். முற்றிலும் கற்பனையான கதையை மணவினையோடு நிறைவு செய்துவிடலாம். வரலாற்றைச் சார்ந்த கதை அவ்வாறு முடிவதில்லை என்பது அவர் தரும் விளக்கத்தின் சாரம். அதன்பின் கதைமாந்தரின் பிற்கால வாழ்வு பற்றிய வினாக்களுக்குச் சுருக்கமாக விடை கூறி, தொடர்ந்து எழுதும் பொறுப்பைப் பிற எழுத்தாளர்களிடம் விடுகிறார். விக்கிரமனின் ‘நந்திபுரத்து நாயகி’ அவ்வழியில் எழுந்த தொடர்ச்சியாகும்.

இவ்விளக்கம் அருள்மொழிக்குப் பொருந்தும். உத்தம சோழனுக்குப்பின் 985இல் அவன் இராசராசனாக அரியணை ஏறியது வரலாறு. குந்தவை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுச் சான்றாக உள்ளது. இவர்களின் எதிர்காலத்தை வாசகர் நூலுக்கு வெளியே அறியலாம். ஆனால் பூங்குழலி, மந்தாகினி, மணிமேகலை, நந்தினி ஆகியோர் ஆசிரியரின் படைப்புகள். இவர்களைப் பற்றிக் கூறக் கல்வெட்டு ஏதுமில்லை. இவர்கள் வாழ்வதும் மறைவதும் நாவலுக்குள் மட்டுமே. ஆகவே வரலாற்றின் முடிவின்மையைக் காட்டி இவர்களின் முடிவை ஒத்திவைப்பது தருக்கத்திற்கு இயையவில்லை.

மேலும், அரசியல் விளைவு முன்னரே தெரிந்த கதையில் ஆவலைத் தூண்டுவது எது? அருள்மொழி முடிசூடுவானா என்பதன்று. பூங்குழலி என்ன ஆவாள் என்பதே. அவ்வகையில் துணைமாந்தரைப் பற்றிய வாசகரின் வினாக்களை வெறும் பாசத்தின் வெளிப்பாடாக ஒதுக்க இயலாது. நூலின் அமைப்பே அவ்வினாக்களை எழுப்பியது.

உச்சத்தைத் தாங்கும் துணைமாந்தர்

துணைமாந்தர் கதையோட்டத்திற்குத் தடை என்னும் கருத்தை நாவலின் உச்சக்காட்சியே மறுக்கிறது. அருள்மொழி தனக்குரிய மணிமுடியைச் சேந்தன் அமுதனின் தலையில் சூட்டுகிறான். நந்தவனத்தில் மலர்பறித்து மாலைகட்டித் திரிந்த அவ்விளைஞனே கண்டராதித்தரின் உண்மை மகன். படகோட்டி வாழ்ந்த பூங்குழலி அவன் வழியாக அரசியாகிறாள். வரலாற்று மதுராந்தகனைக் கல்கி இரண்டு மாந்தராகப் பிரித்தமைத்ததன் பயன் இங்கே வெளிப்படுகிறது. முதற்பாகம் தொட்டு ஓரத்தில் நின்றவன் நடுவே வரும்போதுதான் ‘தியாகச் சிகரம்’ என்னும் பெயர் பொருள் பெறுகிறது. அவனைப் பற்றிய அத்தியாயங்களைத் தேக்கம் என்று கழித்துவிட்டால், தியாகம் வெறும் வாரிசு உடன்படிக்கையாகச் சுருங்கிவிடும்.

நாவலின் இறுதி அத்தியாயமும் அரசனுக்குரியதன்று. ‘மலர் உதிர்ந்தது’ என்னும் அப்பகுதி மணிமேகலையின் மறைவைக் கூறுகிறது. முடிசூட்டுக்குப்பின் ஒரு துணைமாந்தரிடம் திரும்பி நின்று முடியும் நூலை, துணைமாந்தரைக் கைவிட்ட நூல் என்று பொதுப்படக் கூறுதல் பொருந்தாது. வாசகர் குறை முழுமையாகப் பொருந்துவது நந்தினிக்கே. அவளுடைய பிறப்பைப் பற்றிய ஐயங்கள் கலைநோக்குடன் விடப்பட்டவை எனலாம். ஆயினும் கதையை இயக்கிய ஒருத்தியின் பின்வாழ்வு நாவலுக்குள் இடம்பெறாமை குறையே.

திரைவடிவம் தரும் சான்று

மணிரத்னம் இயக்கி 2022, 2023 ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்த திரைப்படம் இவ்வாதத்திற்கு எதிர்நிலைச் சான்றாகிறது. அதில் மணிமேகலை இல்லை. சேந்தன் அமுதன் அரசனாகும் திருப்பமும் இல்லை. முடி மதுராந்தகனுக்கே வழங்கப்படுகிறது. திரைக்குரிய காலவரம்பில் இக்குறைப்பு தேவையானதாக இருக்கலாம். கதை விரைவு பெற்றதும் உண்மை. ஆனால் முடியைத் தேடாதவனுக்கு வழங்குவதும், அதனைக் கேட்டு நின்றவனுக்கு வழங்குவதும் ஒரே செயல் அல்ல. விரைவுக்கு ஈடாக நாவலின் அறம் விலையாகியுள்ளது.

கூத்து மரபின் அளவுகோல்

துணைமாந்தருக்காகக் கதையை நிறுத்துவது தமிழ் எடுத்துரைப்பு மரபுக்குப் புதிதன்று. வில்லியனூர், பாகூர் வட்டாரங்களை உள்ளடக்கிய புதுச்சேரி ஊரகப் பகுதியும் அதனையொட்டிய தென்னார்க்காட்டுப் பகுதியும் திரௌபதி அம்மன் வழிபாடும் பாரதக் கூத்தும் வேரூன்றிய நிலம். வில்லிபாரதத்தில் சில பாடல்களில் முடிந்துவிடும் அரவானின் களப்பலி, கூத்தில் ஓர் இரவு முழுவதும் நிகழ்கிறது. போர் காத்திருக்கிறது, அவை அதனைத் தாமதம் என்று கருதுவதில்லை. பாண்டவர் வெல்வர் என்பதை அறிந்த அவைக்கு, அவ்வெற்றியின் விலை என்ன என்பதை அறிவதே அவ்விரவின் நோக்கம். காப்பியத்தின் ஓரத்தில் நின்ற அரவான் கூவாகத்திலும் பிள்ளையார்குப்பத்திலும் கூத்தாண்டவராக வழிபடப்படுவது, மக்கள் தம் அளவில் துணைமாந்தருக்கு அளித்த முடிவாகும்.

கூத்துக்கும் தொடருக்கும் வேறுபாடு உண்டு. கூத்து ஒரு மாந்தருக்கு ஓர் இரவைத் தந்து, விடியலில் அவருக்கு விடையும் கொடுக்கிறது. வாரத் தொடர் அவரை ஆண்டுக்கணக்கில் அழைத்துவந்து, விடைகொடுக்கும் கடமையைச் சில நேரங்களில் மறந்துவிடுகிறது.

முடிவுரை

கதையோட்டத்தின் வேகத்தைத் தலைமை மாந்தரின் நகர்வை மட்டும் கொண்டு அளத்தல் போதாது. ஒரு துணைமாந்தருக்குத் தொடர் எவ்வளவு காலம் தந்ததோ, அவ்வளவுக்கு அவரது முடிவைக் குறித்த பொறுப்பும் அதற்கு உண்டு. ‘பொன்னியின் செல்வன்’ அப்பொறுப்பைச் சேந்தன் அமுதனிடமும் மணிமேகலையிடமும் நிறைவேற்றியது. நந்தினியிடம் முடிவுரைக்குத் தள்ளிவைத்தது. 1954இன் வாசகர் குறையை நாவலின் மீதான புரிதலின்மையாக அல்லாமல், நாவலே கற்றுக்கொடுத்த வாசிப்பின் விளைவாகக் கொள்வதே பொருத்தமானது.